சாய்ந்த சுவரும் வெந்நீர்க் கருவியும்

நிறுவையிற் குறைக்காதவர், வாங்கிய கடனைத் தவணை தவறாமல் அடைப்பவர், கொடுத்த வாக்கை மாற்றாதவர். இத்தகைய வணிகரை நாணயஸ்தர் என்று ஊர் போற்றுகிறது. போற்றவேண்டியதுதான். ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். தராசு வாடிக்கைக்காரர் கண்முன் நிற்கிறது. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார். வாக்குக் கேட்டவர் நாளை நம் முகத்தில் விழிப்பவர். இங்கெல்லாம் நம் நாணயத்திற்குச் சாட்சிகள் உண்டு. சாட்சியே இல்லாத இடத்தில் நம் நாணயம் எப்படி இருக்கிறது? அத்தகைய இடங்களுள் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தேன். அது நம் கடைவீட்டு மேல்மாடியிலுள்ள குளியலறை.

அமானிதத்தைப் பற்றி எழுத வந்தவர் குளியலறைக்குள் போகிறாரே என்று வாசகர் நகைக்கலாம். பொறுமையோடு முடிவுவரை படிக்குமாறு வேண்டுகிறேன்.

நாம் வாழும் இந்நாடுகளில் குளிர்காலம் என்பதில்லை. வீட்டைச் சூடேற்றும் வேலை நமக்கில்லை. நமக்கு வேண்டியவை இரண்டே: பகற்புழுக்கத்திற்குக் குளிர்சாதனம், அதிகாலைக் குளியலுக்கு வெந்நீர். சிங்கப்பூரில் 1939-ஆம் ஆண்டு கத்தே திரையரங்கு குளிர்சாதன வசதியோடு திறக்கப்பட்டபோது அஃது ஊராருக்குப் பெரும் புதுமையாயிருந்தது. இன்றோ ஏர்கோன் இல்லாத கடையைத் தேடிப் பிடிக்கவேண்டும். வெந்நீர்க் கருவியும் அப்படியே சாதாரணமாகிவிட்டது. பொருத்திய அன்று ஒரு முறை பார்க்கிறோம். பிறகு அது நின்றுபோகும் அன்றுதான் பார்க்கிறோம். இடையிலே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

பிறரைக் குறைகூறுமுன் என் குற்றத்தையே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் எனக்கொரு மளிகைக்கடை உண்டு. பழைய கடைவீடு. கீழே வியாபாரம், மேல்மாடியில் ஊரிலிருந்து வந்த சிப்பந்திகள் நால்வர் தங்குகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன்னர் இரவு நேரங்களில் கடையின் மின்சாரம் அடிக்கடி நின்றுபோயிற்று. விசைப் பலகையிலுள்ள மின்கசிவுத் துண்டிப்பான் தானே விழுந்துவிடும். காலையில் கதவைத் திறந்தால் உறைபெட்டியிலுள்ள மீனும் கோழியும் இளகிக் கிடக்கும். இரண்டு முறை சரக்கை வாரிக் கொட்ட நேர்ந்தது.

உரிமம் பெற்ற ஒயர்மேன் ஒருவரை அழைத்துக் காட்டினேன். மேல்மாடி வெந்நீர்க் கருவியில் கசிவு இருக்கிறது, கருவியை மாற்றியே தீரவேண்டும் என்றார் அவர். பெருநாள் வியாபாரம் நெருங்கியிருந்த சமயம். “அதைப் பிறகு பார்ப்போம். இப்போது அந்தக் கருவியைத் தனியாகப் பிரித்து நேரே இணைத்துவிடுங்கள். என் உறைபெட்டி நிற்காமல் ஓடவேண்டும்” என்றேன். “பாய், அது சரிப்படாது” என்று சொல்லிவிட்டு அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வேறொருவரைப் பிடித்தேன். அவரிடம் உரிமம் இல்லை, கூலியும் குறைவு. அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்றிரவு முதல் மின்சாரம் நிற்கவில்லை. நல்ல யோசனை செய்தோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு பார்ப்போம் என்றது ஓராண்டாயிற்று.

ஒருநாள் கீழே தண்ணீர் வராததால் லுஹர் தொழுகைக்கு ஒளுச் செய்ய மேல்மாடிக்குப் போனேன். குளியலறை வாசலில் நான்கு சோடி ரப்பர் செருப்புகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. வெறுங்காலோடு உள்ளே நுழையப் போன என்னைச் சிப்பந்திகளுள் இளையவன் ஓடிவந்து தடுத்தான்.

“முதலாளி, செருப்பைப் போட்டுக்கிட்டுப் போங்க. குழாயைத் தொட்டா லேசா சுரீர்னு இழுக்கும். செருப்பிருந்தா ஒண்ணும் பண்ணாது.”

“எத்தனை நாளா இப்படி இருக்கு, தம்பி?”

“ரெண்டு மாசம் இருக்கும், முதலாளி.”

“ஏன் எங்கிட்ட சொல்லல்லே?”

அவன் சற்று நேரம் தரையைப் பார்த்தான். “நீங்க வேலையா இருந்தீங்க. அப்புறம் பழகிப்போச்சு” என்றான்.

பிறந்து ஏழு மாதமான தன் மகளைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தவன் அவன். என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

செருப்பிருந்தால் ஒன்றும் பண்ணாது என்று அவன் நம்பியது பெருந்தவறு. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு அளவிலானது. ஈரமான உடல் அதை எளிதில் உள்ளே விடும். ஒரு கை கருவியின் குழாயிலும் மறு கை தண்ணீர்க் குழாயிலும் பட்டால் மின்சாரம் மார்பின் வழியே, இருதயத்தைத் தொட்டுக்கொண்டு பாயும். காலிலுள்ள செருப்பு என்ன செய்யும்? உயிரைப் போக்கப் பெரிய அளவு மின்சாரமும் தேவையில்லை. வீடுகளிற் பொருத்தும் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி அமைக்கப்பட்டது. 60 வாட்டுக் குமிழ் விளக்கொன்று இழுக்கும் மின்சாரத்தில் அஃது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய கசிவையும் விட்டுவைக்கக் கூடாதென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். மலேசியாவில் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிகள் ஈரமான இடங்களுக்கு இன்னும் கடுமையாக 10 மில்லி ஆம்பியர் என்று வரையறுத்தன.

அன்றே மின்சாரத்தைத் துண்டித்தேன். முன்னர் மறுத்துப் போன ஒயர்மேனையே போய் அழைத்து வந்தேன். கருவியைக் கழற்றிக் காட்டினார். எர்த் கம்பியின் முனை பச்சை பூத்து அற்றுக் கிடந்தது. கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியின்றி, தொடுகிறவன் உடலைத் தேடிக் காத்திருந்தது.

புதுக் கருவி வந்தது. ஒருவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. அல்ஹம்து லில்லாஹ். ஆனால் அன்று தொடங்கி ஒரு கேள்வி என்னை விடவில்லை. தீங்கு நேராதபோது நான் குற்றவாளியா? நேர்ந்திருந்தால் ஊரார் என்னைத் தூற்றியிருப்பர். வழக்கு மன்றம் ஏறியிருப்பேன். நேரவில்லை, ஆகவே இன்றும் நாணயஸ்தன் என்றே அழைக்கப்படுகிறேன். இந்த இரண்டு நிலைகளுக்குமிடையே நான் செய்ததில் எள்ளளவும் வேறுபாடில்லையே! வேறுபாடெல்லாம் அந்தத் தம்பியின் மறு கை எங்கே பட்டது என்பதில்தான். அந்தக் கையை விலக்கி வைத்தவன் அல்லாஹு தஆலா. அவனது கருணையை என் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

நம் ஃபிக்ஹு நூல்களை எழுதிய பெரியார்கள் இத்தகைய கேள்வியை ஆராயாமல் விடவில்லை. ஹனஃபீ மத்ஹபின் சட்ட நூல்களில் சாய்ந்த சுவர் பற்றி ஒரு மஸ்அலா உண்டு. ஒருவர் தம் சுவரை நேராகத்தான் கட்டினார். நாளடைவில் அது தெருப்பக்கம் சாய்ந்தது. அதை இடிக்கும்படி அவரிடம் சொல்லப்பட்டு, அதற்கு வேண்டிய அவகாசமும் இருந்து, அவர் சும்மா இருந்துவிட்டார். சுவர் விழுந்து வழிப்போக்கர் இறந்தால் அவர் பொறுப்பாளியாவார். யாரும் சொல்லாமலிருந்தால் அந்தப் பொறுப்பு அவர்மேல் வாராது. சொல்லப்பட்டதா என்பதே அங்கே கேள்வி. ஆனால் தொடக்கத்திலேயே சுவரைச் சாய்வாகக் கட்டியவருடைய நிலை வேறு. அவருக்கு எவரும் வந்து சொல்லத் தேவையில்லை. கட்டிய அன்றே அவர் பொறுப்பாளி.

இந்த மஸ்அலாவை என் குளியலறையோடு ஒட்டிப் பார்த்தேன். “எனக்கு யாரும் சொல்லவில்லையே” என்பதுதான் என் மனம் முதலில் தேடிப் பிடித்த சாக்கு. ஆனால் சொல்லப்பட்டிருந்தது. ஒயர்மேன் சொன்னார். அவருக்கு முன்னரே அந்தத் துண்டிப்பான் இரவுதோறும் விழுந்து விழுந்து சொல்லிற்று. அதைத் தொல்லை என்று நினைத்து வாயடைத்தவன் நான். அன்று என் கடைவீட்டில் நான் எழுப்பியது முதலிலேயே சாய்வாகக் கட்டிய சுவர். நேரான சுவர் காலத்தாற் சாய்ந்த கதை அதுவன்று. தெரியாது என்ற சாக்கு அங்கே எடுபடாது.

சிப்பந்தி சொல்லவில்லை என்பதும் எனக்குச் சாதகமான சாட்சியன்று. மாதம் ஒரு முறையாவது மேலே போய் “தம்பிமாரே, உங்களுக்குக் குறையென்ன?” என்று நான் கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். ஊழியர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையும் உடுப்பதையும் போன்றே அவர்களுக்கும் அளியுங்கள் என்ற கருத்தை நபிபெருமானார் (ஸல்) அவர்கள் போதித்திருப்பதை நாம் எல்லாரும் அறிவோம். ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைத்திருக்கிறோம். என் பிள்ளைகள் குளிக்கும் அறையில் குழாய் சுரீரென்று இழுத்திருந்தால் நான் ஓராண்டு பொறுத்திருப்பேனா? ஒரு நாள் பொறுத்திருப்பேனா? இக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

இனி, நம்மவரிடையே வழங்கும் வேறொரு சாக்கு உண்டு. “மௌத்து எழுதியபடிதானே வரும்? நம் கையில் என்ன இருக்கிறது?” என்பர். கத்ரை நம்புவது ஈமானின் ஒரு பகுதி, அதில் மாற்றமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்பியிருக்கலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்புமாறு பணித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு குடியிருந்தவர்களோடு தீப்பற்றிக்கொண்ட செய்தி எட்டியபோது, அது விதியென்று சொல்லி அவர்கள் அமையவில்லை. நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் கட்டளையிட்டார்கள். வீட்டுப் பாதுகாப்பு மார்க்கத்திற்குப் புறம்பான காரியமென்று எண்ணுவோர் இதைச் சிந்திக்கவேண்டும். விளக்குத் திரியை அணைக்கச் சொன்ன மார்க்கம், இரவெல்லாம் சுவருக்குள் ஓடும் மின்சாரத்தைக் கவனிக்கச் சொல்லாதா?

மூன்றாவது சாக்கு செலவு. இதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். ஏனெனில் நாம் வணிகர்கள். இயந்திரத்தைப் பேணுவதில் சில காரியங்கள் நமக்கே லாபம் தருவன. குளிர்சாதனத்தின் சல்லடையைக் கழற்றிக் கழுவுவது அவற்றுள் ஒன்று. தூசி அடைத்தால் காற்று உள்ளே போகாது; குளிர்ச்சி அறைக்கு வராமல் குழாய்ச் சுருளிலேயே தங்கிப் பனிக்கட்டியாய் உறையும்; கம்ப்ரஸர் மூச்சுவாங்க ஓடும்; மின்கட்டணம் ஏறும். குழாயடியில் பத்து நிமிட வேலை இதைத் தடுக்கும். 25 டிகிரியில் வைத்தால் போதும் என்று சிங்கப்பூர் அரசாங்கத்தார் பரிந்துரைக்கின்றனர். அதை 18-ல் வைத்துவிட்டு உள்ளே கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண்விரயம் என்பதற்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

ஆனால் அன்பர்களே, நமக்கு லாபம் வரும் இடத்தில் நம் நேர்மை சோதிக்கப்படுவதில்லை. நம் மின்கட்டணம் குறையுமென்று சல்லடையைக் கழுவுகிறவர் கெட்டிக்காரர், அவ்வளவே. செலவு நம்முடையது, பயன் பிறருடையது என்ற இடத்தில்தான் அமானிதம் தொடங்குகிறது. வாடகைக்கு விட்ட வீட்டிலுள்ள பழைய ஏர்கோன் உரிமையாளருடையது. அதன் மின்கட்டணமோ குடியிருப்பவருடையது. புதிது போட்டால் உரிமையாளருக்குச் செலவு, மிச்சம் குடியிருப்பவருக்கு. ஆகவே உரிமையாளர் அசைவதில்லை. கட்டணம் வாடகையில் அடங்கிய அறையிலோ கதை தலைகீழ். குடியிருப்பவர் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு வெளியே போகிறார்; அவர் காசா போகிறது? இருவரும் ஐவேளைத் தொழுபவராயிருக்கலாம். அடுத்தவர் பையிலிருந்து காசெடுக்க இருவரும் அஞ்சுவர். இதுவும் அதுவே என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அண்டை வீட்டார் காரியமும் இத்தகையதே. கழிவுநீர்க் குழாய் அடைத்து நம் ஏர்கோன் நீர் கீழ்மாடியார் உலர்த்திய துணியில் சொட்டுகிறது. நமக்கோ உள்ளே சில்லென்றிருக்கிறது. வெளிச்சுவரில் தொங்கும் பெட்டியைத் தாங்கும் சட்டம் துருவேறி இளைத்திருக்கிறது. அது விழுந்தால் நம் தலையில் விழாது, தெருவிற் போகிறவர் தலையில் விழும். அது சாய்ந்த சுவரேயன்றி வேறென்ன? சிங்கப்பூரில் அவ்வாறு தொங்கவிடும் பெட்டிகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுச் சட்டம் வேண்டும், பயிற்சி பெற்றவரே பொருத்தவேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள்.

பழுது பார்க்கும் தொழிலில் உள்ள நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல். ஏர்கோனுக்குள் இருக்கும் காஸ் விளக்கிலே எண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள் அதுவே சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டையிருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் ஒவ்வொரு முறையும் காஸ் அடைத்துக் காசு வாங்குவது, வாடிக்கைக்காரர் அறியாமையை விலைக்கு விற்பதாகும். வெளியேறும் காஸோ வானத்தைக் கெடுக்கிறது. பல வீடுகளில் ஓடும் ஆர்-410ஏ என்னும் காஸ், எடைக்கு எடை, கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-32 அவ்வளவு கொடியதன்று. ஆயினும் அது சிறிதளவு தீப்பற்றக்கூடியது. பழகாத கை அதில் படக்கூடாது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்துக் கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் ஹதீஸ் உண்டு. மின்சாரம் அறியாமல் மின்சாரத்தில் கைவைப்பவரை அதனோடு கியாஸ் செய்து பார்க்க ஆலிமாக இருக்கவேண்டியதில்லை. அவரைக் குறைந்த கூலிக்கென்று தேடிப்பிடித்து அழைத்து வந்தவருக்கும் அதிற் பங்குண்டு என்பதை, அழைத்து வந்தவனாகிய நான் சொல்கிறேன்.

ஆகவே செய்யத்தக்கது என்ன? என் கடையில் இப்போது நடைபெறுவதை எழுதுகிறேன், விரும்புவோர் கைக்கொள்ளலாம். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் புறப்படுமுன், துண்டிப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன். உடனே விழவேண்டும். விழாவிட்டால் அது செத்த காவற்காரன், அன்றே மாற்றவேண்டும். அந்தப் பொத்தான் துண்டிப்பானை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பி நலமாயிருக்கிறதா என்பதை அது சொல்லாது. அதற்கு ஆண்டுக்கொரு முறை உரிமம் பெற்ற ஒயர்மேன் வந்து அளந்து பார்க்கிறார். சிங்கப்பூரில் 1985 ஜூலைக்கு முன் கட்டிய பல வீடுகளில் ஆர்.சி.சி.பி. எனப்படும் இத்துண்டிப்பான் இல்லாதிருந்தது; 2023 ஜூலை முதல் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டு, பொருத்துவதற்கு 2025 ஜூலை 1 வரை தவணை அளிக்கப்பட்டது. பழைய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்கள் உடனே போய்ப் பார்ப்பது நலம்.

தொட்டியுள்ள வெந்நீர்க் கருவியானால் அதன் அழுத்தம் தணிக்கும் வால்வை எக்காரணங்கொண்டும் அடைக்கலாகாது. நீர் சூடேறினால் விரியும். வழியில்லையேல் தொட்டியே வெடிக்கும். வால்விலிருந்து நீர் சொட்டுகிறதென்று கட்டையடித்து மூடுவது, நான் துண்டிப்பானை விலக்கியதற்கு ஒப்பான செயல். காஸில் நீரைச் சூடாக்கும் கருவியிருந்தால் அவ்விடத்தின் சன்னல் திறந்தே இருக்கவேண்டும். சுடர் நீலநிறம் மாறி மஞ்சளாகி ஆடினால் காஸை மூடிவிட்டு ஆளை அழைக்கவேண்டும். சரியாக எரியாத காஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. உறக்கம்போல் வந்து உயிரை எடுத்துச் செல்லும்.

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவை வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். முன்பு உறைபெட்டி நின்று நான் கொட்டிய இரண்டு கூடை மீனின் விலைக்குச் சற்று மேல். அவ்வளவு தொகைக்காகத்தான் நான்கு குடும்பங்களின் நெஞ்சில் நெருப்பு விழும் நிலையில் ஓராண்டு இருந்தேன். மறுமையில் தராசு நிறுத்தப்படும் நாளில், என் கடைத் தராசின் நேர்மையை எடுத்துக் காட்டலாமென்று எண்ணியிருந்தவன் நான். அந்த மேல்மாடியைப் பற்றி முதலில் கேட்கப்பட்டால் என்ன சொல்லியிருப்பேன்?

சோதனைப் பொத்தானை அழுத்திய பிறகு இப்போதெல்லாம் மேலே ஏறிப் போகிறேன். குளியலறை வாசலைப் பார்க்கிறேன். அங்கே செருப்பு ஒன்றுமிராது. தம்பிமார் வெறுங்காலோடு போய் ஒளுச் செய்து வருகிறார்கள். “குறையேதும் உண்டா?” என்று கேட்கிறேன். முதல் சில மாதங்கள் இல்லை என்றே சொன்னார்கள். போன மாதம் இளையவன், மின்விசிறி சத்தம் போடுகிறது என்றான். அவன் வாய்விட்டுச் சொன்னது எனக்கு எவ்வளவு ஆறுதலாயிருந்தது என்பதை எழுத்தில் வடிக்க இயலவில்லை.

நம் வசத்தில் ஒப்படைக்கப்பட்ட உயிர்களை, காண்பாரில்லாத இடத்திலும் பேணிக் காக்கும் நல்லெண்ணத்தை வல்ல நாயன் நம்மனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.